கிரச்சிற் வீட்டு விருந்தும் எமது நத்தாரும்

மூன்றாந் தவணை முடியுந் தறுவாயில், எட்டாம் வகுப்பு மாணவருக்கு 'நத்தார்ப் பண்டிகை' என்னுந் தலைப்பிற் கட்டுரை எழுதக் கொடுப்பது எமது வழக்கம். வகுப்பறைக்கு வெளியே பருவமழை கொட்டிக்கொண்டிருக்கும். கொப்பிகளைத் திறந்தாலோ அங்கே பனி பெய்துகொண்டிருக்கும். ஊசியிலை மரமும், கணப்படுப்பும், மான் பூட்டிய வண்டியில் வரும் வெண்தாடிக் கிழவரும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்பர். சென்ற ஆண்டு ஒரு மாணவியின் கொப்பியில் மாத்திரம் வேறொரு செய்தி இருந்தது. முந்திய நத்தார் அன்று தன் தாயார் எல்லோரோடும் இருந்து உண்ணவில்லை என்றும், பகல் முழுவதும் அடுப்படியிலேயே நின்றார் என்றும், உடுப்புக்கும் கேக்குக்குமாக ஈடுவைத்த காப்பு இன்னும் மீளவில்லை என்றும் அவள் எழுதியிருந்தாள். நாம் அவ்வசனங்களில் இரண்டு எழுத்துப் பிழைகளைத் திருத்திவிட்டு, பண்டிகையின் சிறப்பை இன்னும் விரித்து எழுதுமாறு சிவப்பு மையாற் குறிப்பெழுதினோம். அக்குறிப்பையிட்டு நாம் இன்று வெட்கப்படுகின்றோம். இக்கட்டுரை அந்த வெட்கத்திற் பிறந்தது.

அந்தப் பனி எமது பிள்ளைகளின் கொப்பிக்குள் எவ்வாறு புகுந்தது? 'நத்தார்' என்னுஞ் சொல் போர்த்துக்கேயரிடமிருந்து வந்தது. பிறப்பைக் குறிக்கும் அவர்களது 'நத்தால்' எமது நாவில் 'நத்தார்' ஆயிற்று. அவர்கள் எமது கரைகளுக்குக் கொணர்ந்த பண்டிகையின் நடுவே மாட்டுத் தொழுவத்திற் பிறந்த குழந்தை இருந்தது, பனி இருக்கவில்லை. பனியும், வாழ்த்து மடலும், வான்கோழியும் பின்னர் ஆங்கிலத்தோடு வந்தவை. சிறப்பாக, ஆங்கிலக் கதைகளோடு வந்தவை. ஆகவே, வீட்டில் நத்தாரை எவ்வாறு எளிமையாகவும் மனஅமைதியோடும் கொண்டாடலாம் என்பது குடும்பப் பெண்களுக்குச் சொல்லும் புத்திமதியோடு முடிந்துவிடும் விடயமன்று. இலக்கிய விமரிசகனும் அதற்கு விடைகூறக் கடமைப்பட்டவன். ஏனெனில், பண்டிகை இவ்வாறுதான் இருக்கவேண்டும் என்ற எண்ணத்தை மனிதர் பெரும்பாலும் கதைகளிலிருந்தே பெறுகின்றனர். ஆங்கிலம் கற்ற எமது தலைமுறைகள் படித்தும் படிப்பித்தும் வந்த இரண்டு கதைகளை இங்கே ஆராய்வோம். ஒன்று சாள்ஸ் டிக்கன்ஸ் எழுதிய 'எ கிறிஸ்மஸ் கரோல்', மற்றையது ஓ. ஹென்றி எழுதிய 'மெஜையின் பரிசு'.

டிக்கன்ஸின் நூல் 1843 ஆம் ஆண்டு டிசெம்பர் 19 ஆம் திகதி வெளிவந்தது. இங்கிலாந்தின் தொழிற்சாலைகளில் உழைத்த சிறுவரின் நிலைபற்றிய அரச விசாரணைக்குழுவின் இரண்டாம் அறிக்கை அவ்வாண்டிலேதான் வெளியாயிற்று. அவ்வறிக்கை டிக்கன்ஸை உலுக்கியது. அவரது தந்தையார் 1824 இல் கடனுக்காக மார்சல்சீ சிறையில் அடைக்கப்பட்டவர். பன்னிரண்டு வயதுச் சிறுவனான டிக்கன்ஸ் சப்பாத்து மை செய்யும் தொழிற்சாலையிற் போத்தல்களுக்குக் கடதாசி ஒட்டி வயிறு வளர்த்தவர். ஏழைகளின் பிள்ளைகளுக்காக ஆங்கில மக்களிடம் முறையிடும் துண்டுப்பிரசுரம் ஒன்றை எழுதவே அவர் முதலில் எண்ணினார். பின்னர் அதனைக் கைவிட்டுக் கதை எழுதினார். ஒக்ரோபர் 5 ஆம் திகதி மன்செஸ்ரர் நகரிற் சென்று கூட்டமொன்றிற் பேசிய நாட்களிலே அக்கதை அவர் மனத்தில் உருவாயிற்று. அதே மன்செஸ்ரரில் அக்காலத்தில் ஓர் ஆலை அலுவலகத்திலிருந்து தொழிலாளர் குடியிருப்புகளை உற்று நோக்கிக்கொண்டிருந்த இன்னோர் இளைஞர் இருந்தார். அவர் பிரெடரிக் எங்கெல்ஸ். இங்கிலாந்தின் தொழிலாளி வர்க்கத்தின் நிலைபற்றிய அவரது நூல் 1845 இல் வெளிவந்தது. ஒரே வறுமையை இருவர் கண்டனர். ஒருவர் அதன் காரணத்தை ஆராய்ந்தார். மற்றவர் அதற்குக் கண்ணீர் சிந்தினார். கண்ணீரை நாம் இகழவில்லை. கண்ணீர் எவ்விடத்தில் நின்றுவிடுகின்றது என்பதையே கவனிக்கவேண்டும்.

கதையின் நாயகன் ஸ்குரூஜ் என்ற கருமியே எனினும், அதன் உயிர் அவனிடம் வேலைபார்க்கும் எழுதுவினைஞன் பொப் கிரச்சிற்றின் வீட்டிலே இருக்கின்றது. பொப்பின் சம்பளம் கிழமைக்குப் 15 சிலிங். மனைவியும் ஆறு பிள்ளைகளும் அதில் வாழவேண்டும். நூலின் விலையோ 5 சிலிங். பலரும் வாங்கட்டும் என்று டிக்கன்ஸ் தாமே குறைத்து வைத்த விலை அது. ஆயினும் தன் கதையைத் தானே வாங்கிப் படிக்கப் பொப் விரும்பியிருந்தால், கிழமைச் சம்பளத்தில் மூன்றிலொரு பங்கைக் கொடுத்திருக்கவேண்டும். நத்தாருக்கு முன்னரே விற்றுத் தீர்ந்த ஆறாயிரம் பிரதிகள் எவ்வகையான வீடுகளுக்குச் சென்றிருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று. அதே டிசெம்பரில் இலண்டனில் இன்னொரு பொருளும் விற்பனைக்கு வந்தது. ஹென்றி கோல் என்பவர் ஓவியர் ஹோஸ்லியைக் கொண்டு வரைவித்த முதலாவது அச்சிட்ட நத்தார் மடலே அது. அதன் நடுவிற் செல்வக் குடும்பம் ஒன்று மதுக்கிண்ணம் ஏந்தி நிற்கின்றது. இரு மருங்கிலும் ஏழைகள் உணவும் உடையும் பெறுகின்றனர். மடலின் விலை 1 சிலிங். நாளொன்றுக்கு இரண்டரைச் சிலிங் பெற்ற பொப்புக்கு அது ஏறக்குறைய அரைநாட் கூலி. இன்று நாம் கொண்டாடும் நத்தாருக்கு வடிவங்கொடுத்த நூலும் மடலும் இவ்வாறு ஒரே மாதத்தில், ஒரே நகரில், ஏழையைப் பற்றிப் பேசிக்கொண்டும் ஏழைக்கு எட்டாமலும் பிறந்தன.

இனி அவ்வீட்டு விருந்தைப் பார்ப்போம். எளிமையான பண்டிகைக்கு உலக இலக்கியத்தில் இதனைவிடச் சிறந்த சித்திரத்தைக் காண்பது அரிது. கிரச்சிற் வீட்டிற் போறணை இல்லை; வாத்து பாண்காரனின் போறணையில் வெந்து வருகின்றது. திருமதி கிரச்சிற் இருமுறை புரட்டித் தைத்த பழைய சட்டையையே அணிந்திருக்கின்றாள். ஆறு பென்சுக்கு வாங்கத்தக்க நாடாக்கள்தாம் அதற்கு அலங்காரம். குடும்பத்துக் கண்ணாடிப் பாத்திரங்கள் மொத்தம் மூன்று. அவற்றில் ஒன்றுக்குக் கைபிடி இல்லை. இருந்தும் அங்கே மகிழ்ச்சி பொங்குகின்றது. அது எதனாற் பொங்குகின்றது? வறுமையே இன்பம் என்று சிலர் இதற்குப் பொருள்கூறுவர். அது வயிறு நிறைந்தவர் கூறும் பொருள். டிக்கன்ஸ் எழுதியதைக் கவனமாகப் படித்தால் விடை தெளிவாகும். தாய் குழம்பு காய்ச்சுகின்றாள். மூத்த மகன் பீற்றர் உருளைக்கிழங்கு மசிக்கின்றான். பெலிண்டா அப்பிள் கூழுக்கு இனிப்பிடுகின்றாள். மார்த்தா தட்டுக்களைத் துடைக்கின்றாள். இரண்டு சின்னஞ்சிறிசுகள் எல்லோருக்கும் கதிரை வைக்கின்றன. தந்தை ஊனமுற்ற ரிம்மைத் தன் அருகே அமர்த்துகின்றான். ஒருவர் சமைக்க மற்றவர் உண்ணும் வீடன்று அது. வேலை பகிரப்படுகின்றது, ஆகையால் விருந்தும் பகிரப்படுகின்றது. அவ்வீட்டு மகிழ்ச்சியின் ஊற்று இதுவே.

ஆயினும் அவ்வீட்டிலும் ஒரு நிழல் படிந்திருக்கின்றது. புடிங்கை எடுத்துவரத் திருமதி கிரச்சிற் தனியாகவே செல்கின்றாள். சாட்சிகளைத் தாங்க அவளது நரம்புக்கு வலுவில்லை. அது வேகாதிருந்தால் என்ன, எடுக்கும்போது உடைந்துவிட்டால் என்ன என்று வீடே கலங்குகின்றது. எல்லாம் முடிந்த பின்னர்தான் மாவின் அளவையிட்டுத் தனக்கு ஐயம் இருந்ததை அவள் வாய்விட்டுச் சொல்கின்றாள். இவ்விடத்தை வாசகர் சிரித்துக்கொண்டு கடந்துவிடுவர். நாமோ இங்கே சற்று நிற்க விரும்புகின்றோம். ஓராண்டின் மானம் முழுவதும் ஒரு புடிங்கில் தங்கியிருக்கின்றது என்ற அச்சத்தை ஒரு பெண்ணின் தலையில் ஏற்றியது யார்? ஆண்டுதோறும் கேக் பொங்குமா, கருகுமா என்று எமது அடுப்படிகளில் நித்திரை இழக்கும் தாய்மார் திருமதி கிரச்சிற்றின் உடன்பிறப்புக்களே.

மார்த்தாவின் கதை இதனினும் கூர்மையானது. அவள் பெண்களுக்கான தொப்பி தைக்கும் கடையில் வேலைபயில்பவள். நத்தார் விருந்துக்கு அவள் பிந்தி வருகின்றாள். முதல்நாள் இரவு முடிக்கவேண்டிய வேலை மிகுதி. பண்டிகைக் காலையிலும் கடையைத் துப்புரவு செய்யவேண்டியிருந்தது. செல்வப் பெண்களின் நத்தார்த் தொப்பி இந்த ஏழைப் பெண்ணின் நத்தாரைக் குறுக்கிவிட்டது. மறுநாளேனும் நெடுநேரம் படுத்துறங்கவேண்டும் என்பதே அவளது பண்டிகைக் கனவு. விவிலியத்து மார்த்தாவும் விருந்தினருக்குப் பணிவிடை செய்து களைத்தவளே என்பதை எமது கிறிஸ்தவ நண்பர்கள் அறிவர். இன்று எமது நகரங்களின் புடைவைக்கடைகளில் டிசெம்பர் மாதத்து இரவுகளில் கால்கடுக்க நின்று துணி விரித்துக் காட்டும் பெண்பிள்ளைகள் மார்த்தாவின் வழித்தோன்றல்கள். 1978 இல் தொடங்கிய கட்டுநாயக்க வலயத்தில் மேல்நாட்டுச் சந்தைக்கென உடை தைக்கும் பெண்களும் அவர்களைச் சேர்ந்தவரே. ஒருவருடைய பண்டிகைப் பரபரப்பு இன்னொருவருடைய ஓய்வைத் தின்றே வளர்கின்றது.

இவ்வளவையும் கண்ட டிக்கன்ஸ் கதையை எவ்வாறு முடிக்கின்றார்? மூன்று ஆவிகள் ஸ்குரூஜின் இதயத்தை மாற்றுகின்றன. அவன் கடையிலிருந்த மிகப் பெரிய வான்கோழியை வாங்கிக் கிரச்சிற் வீட்டுக்கு அனுப்புகின்றான். மறுநாட் சம்பளத்தை உயர்த்துவதாகக் கூறுகின்றான். இங்கே ஒரு நுட்பத்தைக் காணலாம். கதையில் ஏழ்மையின் கணக்குகள் துல்லியமானவை: பதினைந்து சிலிங், ஆறு பென்சு, பீற்றருக்குக் கிடைக்கக்கூடிய ஐந்தரைச் சிலிங். கருணையின் கணக்குகளோ மங்கலானவை. சம்பளம் எவ்வளவு உயர்ந்தது என்று எங்குமே சொல்லப்படவில்லை. தருமகாரியத்துக்கு ஸ்குரூஜ் கொடுக்கும் தொகை காதோடு காதாகச் சொல்லப்படுகின்றது, வாசகருக்குக் கேட்பதில்லை. உழைப்பவனின் ஊதியம் முதலாளியின் ஓரிரவுக் கனவைப் பொறுத்தது என்றால், மறு ஆண்டு அவன் கனவு காணாதுவிடின் ரிம்மின் கதி யாது? இவ்வினாவைக் கதையில் ஏறத்தாழ எழுப்பக்கூடிய ஒருத்தி இருக்கின்றாள். ஸ்குரூஜின் நலத்துக்காகப் பொப் கிண்ணம் உயர்த்தும்போது, அக்கருமியை நேரிற் கண்டால் தான் சொல்ல விரும்புவதைத் திருமதி கிரச்சிற் வெகுண்டு கூறுகின்றாள். கணவனுக்காகவே அவள் பின்னர் இணங்குகின்றாள். வர்க்க உணர்வின் தீப்பொறி அந்த அடுப்படியிலேதான் இருந்தது. டிக்கன்ஸ் அதனை ஊதிப் பெருக்காமல் வான்கோழியை அனுப்பி அணைத்துவிட்டார்.

இதனாலே டிக்கன்ஸைப் பிற்போக்காளர் என்று தள்ளிவிடுதல் கூடாது. இரண்டாம் ஆவியின் அங்கிக்குள்ளிருந்து அறியாமை, இல்லாமை என்னும் இரு எலும்புக் குழந்தைகளை வெளியே இழுத்துக் காட்டிய கை அவருடையதே. அக்காலத்து ஆங்கில வாசகர் காண மறுத்ததை அவர் காணச்செய்தார். ஆனால் அவருக்குப் பின்வந்த வணிக உலகம் அவரது கதையிலிருந்து அந்த இரு குழந்தைகளையும் விட்டுவிட்டு, வான்கோழியை மாத்திரம் எடுத்துக்கொண்டது. எமது விளம்பரங்களிலும் பாடசாலை மேடைகளிலும் உலவும் நத்தார் அந்த வான்கோழி நத்தாரே.

ஓ. ஹென்றியின் கதை 1905 ஆம் ஆண்டு டிசெம்பர் 10 ஆம் திகதி நியூயோர்க் பத்திரிகையொன்றில் வெளிவந்தது. டெல்லாவிடம் ஒரு டொலரும் 87 சதமும் உள்ளன. கணவன் ஜிம்மின் கிழமைச் சம்பளம் முப்பது டொலரிலிருந்து இருபதாகக் குறைந்துவிட்டது. வீட்டு வாடகை கிழமைக்கு எட்டு டொலர். அவள் தன் கூந்தலை இருபது டொலருக்கு விற்று, அவனது கைக்கடக்கமான மணிக்கூட்டுக்கு இருபத்தொரு டொலரிற் சங்கிலி வாங்குகின்றாள். அவனோ மணிக்கூட்டை விற்று, அவள் கூந்தலுக்குச் சீப்புக்கள் வாங்கி வருகின்றான். இருவரும் தம் செல்வங்களை இழந்தனர். இருவருக்கும் கிடைத்தவை பயன்படாப் பொருள்கள். இத்தம்பதியரே அறிவுடையோர் என்று ஆசிரியர் முடிக்கின்றார். நாமும் வகுப்பறையிற் கண்கலங்குகின்றோம்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கணக்கைப் பார்ப்போம். சங்கிலியின் விலை ஜிம்மின் ஒரு கிழமைச் சம்பளத்துக்கும் அதிகம். கூந்தல் வாங்கியவளும் நகைக்கடைக்காரனும் இலாபம் பெற்றனர். பத்து டொலர் சம்பளத்தைக் குறைத்தவரைப் பற்றிக் கதை ஒரு சொல்லும் சொல்லவில்லை. அன்பு உண்மையானது என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆனால் அவ்வன்பு, கடைக்குச் சென்று திரும்பிய பின்னரே மெய்ப்பிக்கப்படவேண்டும் என்ற நியதியை இவ்விளம் உள்ளங்களில் விதைத்தது யார் என்று கதை கேட்கவில்லை. மாலை ஏழு மணிக்குக் கோப்பி தயாராயிருந்தது. இறைச்சி பொரிக்கச் சட்டி அடுப்பிற் காய்ந்துகொண்டிருந்தது. கணவனின் காலடி ஓசைக்கு மனைவி காத்திருந்தாள். நத்தார் அங்கே ஏற்கெனவே வந்துவிட்டது. இறுதியிற் பரிசுகளை எடுத்துவைத்துவிட்டு இறைச்சியை அடுப்பில் ஏற்றச் சொல்லும் ஜிம், ஆசிரியரை விடவும் இதனை நன்கு உணர்ந்தவன் போலத் தோன்றுகின்றான்.

இவ்விரு கதைகளையும் படித்தபின் எமது வீடுகளுக்குத் திரும்புவோம். எம்போன்ற ஆசிரியர்கள் பெறும் பண்டிகை முற்பணம் ஒரு கிழமையிற் கரைந்து, பின்னர் மாதாமாதம் சம்பளத்திலிருந்து கழிகின்றது. அரச உத்தியோகம் இல்லாதவர் காப்பையும் சங்கிலியையும் ஈடுவைக்கின்றனர். போர் முடிந்த 2009 இன் பின்னர் வடக்கிலும் கிழக்கிலும் பெருகிய நுண்நிதிக் கடன், பெண்களின் பெயராலே வீடுகளுக்குள் நுழைந்தது. அதன் தவணைக்குப் பண்டிகை விடுமுறை கிடையாது. இத்துணைப் பணமும் எதற்குச் செல்கின்றது? அயலவர் மாற்றியதால் மாற்றவேண்டிய திரைச்சீலைக்கும், அவர்கள் அனுப்பிய கேக்குக்கு ஈடாக அனுப்பவேண்டிய கேக்குக்கும், மழைநாட்டில் மரத்தின்மேல் ஒட்டும் பஞ்சுப் பனிக்குமே பெரும்பகுதி செல்கின்றது.

எளிமையைப் பற்றிப் பேசும்போது இருசாராருக்கு நாம் விடைகூறவேண்டும். பண்டிகைகள் யாவும் மக்களை மயக்கும் சாதனங்களே. அவற்றை ஒழித்துவிட்டால் தொல்லை தீரும் என்பார் ஒருசாரார். ஆண்டு முழுவதும் உழைத்த குடும்பம் ஒருநாள் ஒன்றாக அமர்ந்து உண்பதை ஒழிக்கவேண்டிய குற்றமாகக் காணும் முற்போக்கு எமக்கு வேண்டாம். அந்த ஒருநாள் விடுமுறைக்காகவே பொப் ஸ்குரூஜிடம் தலைகுனிந்து நின்றான் என்பதை அவர்கள் மறத்தலாகாது. மறுசாரார், ஏழைகள் எளிமையாக இருக்கப் பழகவேண்டும் என்று போதிப்போர். 2022 இல் எரிவாயுவுக்கு வரிசையில் நின்று, மாவின் விலையையும் முட்டையின் விலையையும் கேட்டுத் திரும்பிய மக்களுக்கு அத்தகைய போதனை தேவையில்லை. இல்லாமையாற் சுருங்கும் பண்டிகை எளிமை ஆகாது. சம்பளத்துக்குப் போராடுவதும் வீட்டில் வீண்செலவை மறுப்பதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. கடன்பட்டவன் வேலைநிறுத்தத்துக்கு அஞ்சுவான். டிசெம்பரில் வாங்கிய கடனுக்காகத் தை மாதத்தில் வாய்மூடி இருப்பான். ஆதலின் எளிமையான நத்தார் உழைப்பவனின் கையைக் கட்டும் கயிறு ஒன்றை அவிழ்க்கின்றது.

எனவே, ஒவ்வொரு வீடும் பண்டிகைக்கு முன்னர் மூன்று கேள்விகளைக் கேட்கட்டும். இதற்கான பணம் இந்த மாத உழைப்பிலிருந்து வருகின்றதா, வரும் மாதங்களின் உழைப்பிலிருந்து வருகின்றதா? இவ்வேலையைச் செய்யப்போகின்றவர் யார்? இது எமது மகிழ்ச்சிக்கா, பிறர் கண்ணுக்கா? இம்மூன்றுக்கும் நேர்மையாக விடைகூறினால் பல செலவுகள் தாமாகவே கழன்றுவிடும். ஆண்கள் தேங்காய் துருவலாம், பாத்திரம் கழுவலாம்; பீற்றர் உருளைக்கிழங்கு மசித்ததால் அவனது ஆண்மை குறைந்துவிடவில்லை. சோறும் ஒரு நல்ல கறியும் போதும் என்றால் தாயும் எல்லோரோடும் இருந்து உண்ணலாம். பயற்றம் பணியாரத்தைப் பிள்ளைகளும் சேர்ந்து உருட்டலாம். அயலாருக்குத் தட்டு அனுப்பும் வழக்கத்தை விடவேண்டியதில்லை. சைவரும் கிறிஸ்தவரும் பொங்கலும் பணியாரமுமாகப் பரிமாறிக்கொள்ளும் அந்த உறவு எமது சமுதாயத்தின் செல்வம். போட்டியை மாத்திரம் தட்டிலிருந்து எடுத்துவிட்டாற் போதும். பிள்ளைகள் ஏமாந்துபோவர் என்று அஞ்சுவோருக்கு ஒன்று கூறுவோம்: வீட்டின் வரவுசெலவை மறைத்துப் பொம்மை வாங்கிக் கொடுப்பதைவிட, அதனை அவர்களோடு பேசித் தீர்மானிப்பது அவர்களை மனிதராக மதிப்பதாகும். தீபாவளிக்கும் புத்தாண்டுக்கும் இதுவே பொருந்தும்.

எமது எழுத்தாளரிடமும் ஒன்று கேட்கின்றோம். தேவாலயத்து மணியோசையையும் நள்ளிரவுப் பூசையையும் வருணித்த பேனாக்கள் அடுப்படிக்குள்ளும் நுழையவேண்டும். ஈட்டுக்கடைக்குச் சென்ற காப்பின் கதையை, கடை பூட்டியபின் பேருந்துக்குக் காத்துநிற்கும் மார்த்தாவின் கதையை, வான்கோழி வராமலே நிறைவுறும் ஒரு வீட்டின் கதையை அவர்கள் எழுதட்டும். அத்தகைய கதைகள் பெருகினால் எமது பிள்ளைகளின் கொப்பிகளிற் பனி தானாகவே உருகிவிடும்.

நாமும் எமது பங்கைச் செய்யவேண்டும். இவ்வாண்டு எட்டாம் வகுப்புக்குக் கட்டுரைத் தலைப்பை மாற்றியிருக்கின்றோம். 'சென்ற பண்டிகை நாளில் எமது வீட்டில் யார் யார் என்ன வேலை செய்தனர்?' என்பதே புதிய தலைப்பு. அந்த மாணவியின் பழைய கொப்பியைக் கேட்டு வாங்கி, சிவப்பு மையால் எழுதிய குறிப்பை வெட்டிவிட்டு, கட்டுரைக்கு உரிய புள்ளியையும் இட்டுக் கொடுத்தோம்.